ஜென்சன் இன்டர்செப்டர்: வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ராம்விச்சில் 1966 முதல் 1976 வரை தயாரான ஜென்சன் இன்டர்செப்டர் காரை வாங்க நினைப்பவர்கள் முதலில் அஞ்சுவது அதன் என்ஜினைப் பார்த்துத்தான். தொடக்கத்தில் அதில் வந்த 6,276 சிசி கொள்ளளவுள்ள வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின், பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் என்பது உண்மையே. ஆனால் அது அமெரிக்காவில் கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத் கார்களில் ஏராளமாக ஓடிய முரட்டு என்ஜின் என்பதால், உதிரி பாகங்களுக்கும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. கையைக் கடிக்கும் செலவு பாடியில்தான் ஒளிந்திருக்கிறது. மிலானின் டூரிங் நிறுவனம் வடிவமைத்த அந்த எஃகுக் கூட்டுக்குத் துருதான் எமன். அதிலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தின் மேல் பளபளப்பான உலோக மூடி பொருத்தப்பட்டிருப்பதால், உள்ளே இரும்பு உதிர்ந்துகொண்டிருந்தாலும் வெளியே எதுவும் தெரியாது. மூடியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், மேலே அடித்திருக்கும் பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. பின்புறத்தை முழுதாக மூடியிருக்கும் வளைந்த கண்ணாடிக் கதவின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் மழைநீர் டிக்கியில் இறங்கும் என்பதால், அங்குள்ள கம்பளத்தையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, எஃப்எஃப் மாடலைச் சாதாரண இன்டர்செப்டரின் சற்று விலை கூடிய வடிவமாகக் கருதுவது. ஃபெர்குசன் முறையிலான நான்கு சக்கர இயக்கமும், விமானங்களுக்காக உருவாக்கப்பட்ட டன்லப் மாக்சரெட் ஆன்டி-லாக் பிரேக்கும் (சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கொண்ட அந்தக் கார், நான்கு சக்கர இயக்கத்துக்குப் புகழ்பெற்ற ஆடி குவாட்ரோ வருவதற்கு 14 ஆண்டுகள் முன்பே சாலையில் ஓடியது. மொத்தம் 320 கார்களே தயாராயின. அனைத்தும் வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டு காற்றுத் துவாரங்கள் இருந்தால் அது எஃப்எஃப், ஒன்றே இருந்தால் இன்டர்செப்டர். முன்பகுதி சில அங்குலங்கள் நீண்டிருப்பதால், இன்டர்செப்டரின் முன்பக்கத் தகடுகளை இதற்கு அப்படியே பொருத்தவும் முடியாது. பொறியியலில் இதுவே என் விருப்பத்துக்குரிய மாடல். எனினும் மாக்சரெட் கருவியையும் முன்சக்கர இயக்கத்தையும் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்கும் முன் இதற்கு முன்பணம் கொடுப்பது விவேகமல்ல.

1950களில் ஆஸ்டின் என்ஜினுடன் வந்த முற்றிலும் வேறான ஒரு காருக்கும் ஜென்சன் இன்டர்செப்டர் என்ற பெயரையே சூட்டியிருந்ததால், உதிரி பாகம் கேட்கும்போது ஆண்டையும் சொல்வது அவசியம். குதிரைத்திறன் எண்களை ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1972 வாக்கில் மொத்தத் திறனை (துணைக் கருவிகள் இல்லாத வெறும் என்ஜினில் அளந்தது) சொல்வதை விட்டு நிகரத் திறனை (காரில் உள்ளபடி துணைக் கருவிகளுடன் அளந்தது) சொல்லத் தொடங்கியதால், பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே அளவுகோலில் எழுதப்பட்டவை அல்ல.

1971இல் வந்த எஸ்பி என்ற இன்டர்செப்டர் மாடல், 7,212 சிசி என்ஜினும், பெட்ரோலைக் காற்றுடன் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர்கள் மூன்றும் கொண்டது. மூன்றையும் ஒத்திசைவாக வைத்திருப்பது பெரும் தலைவலி என்பதால், பல உரிமையாளர்கள் ஒரே பெரிய கார்புரேட்டருக்கு மாறிவிட்டார்கள். ஆகவே பானட்டைத் திறந்து ஒன்றே ஒன்றைக் கண்டதும் போலி என்று திரும்பிவிடவும் கூடாது, மூன்றைக் கண்டதும் அசல் என்று நம்பிவிடவும் கூடாது. சேஸிஸ் எண்ணைத் தொழிற்சாலைப் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, கழற்றி வைத்த பழைய கார்புரேட்டர்கள் காருடன் சேர்ந்து வருமா என்று கேட்டுக்கொண்டு விலை பேசலாம்.