அறிகை விஞ்ஞானத்தை வீட்டிலிருந்தே கற்கத் தொடங்குவது எப்படி?

மனம் எவ்வாறு நினைக்கிறது, அதே வேலையை இயந்திரம் செய்ய முடியுமா என்று ஆராயும் அறிகை விஞ்ஞானம், உளவியல், மொழியியல், மெய்யியல், நரம்பியல், கணினி விஞ்ஞானம் முதலிய துறைகள் சந்திக்கும் இடமாகும். கணினியிலிருந்து தொடங்குவதைவிட உங்கள் மனத்திலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கொப்பியொன்றில் தொடர்பற்ற 10 இலக்கங்களை எழுதி, வீட்டிலுள்ள ஒருவருக்கு விநாடிக்கு ஒன்றாக வாசித்து, அதே ஒழுங்கில் திருப்பிச் சொல்லுமாறு கேளுங்கள். பெரும்பாலானோர் ஏறத்தாழ 7 இலக்கங்களுக்குமேல் தடுமாறுவர். 1956இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் எழுதிய எல்லை இதுவே. பின்னர் 021 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கமொன்றை வாசியுங்கள். யாழ்ப்பாணத்தவருக்கு 021 மூன்று இலக்கங்களல்ல, ஊரைக் குறிக்கும் ஒரே அலகு. ஆகவே நினைவில் இடம் மிஞ்சுகிறது.

அடுத்து, ‘சிவப்பு’ என்பதை நீல மையாலும் ‘பச்சை’ என்பதைச் சிவப்பு மையாலும் எழுதி, மையின் நிறத்தை மட்டும் விரைவாகச் சொல்ல முயலுங்கள். நாக்குத் தயங்கும். வாசிப்பு நம்மைக் கேளாமலே நிகழ்வதால் வரும் இத்தயக்கத்தை 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் அளந்தார். நிறங்களை அறிந்தும் எழுத்தறியாத பிள்ளைக்கு இத்தயக்கம் இராது, அதையும் சோதியுங்கள்.

இதன் பின்னரே இயந்திரத்துக்கு வாருங்கள். எழுத்துவழி உரையாடலில் மனிதரிடமிருந்து பிரித்தறிய முடியாத இயந்திரத்தைப் பற்றி 1950இல் கணிதவியலாளர் அலன் டியூரிங் எழுதினார். சீனம் அறியாத ஒருவர், கணினியைப் போல விதிகளை மட்டும் பார்த்தே சீனத்தில் விடையளித்தால், அவருக்குச் சீனம் விளங்கியதாகுமா என்று 1980இல் மெய்யியலாளர் ஜோன் சேர்ல் கேட்டார். நண்பர் ஒருவருடன் அமர்ந்து, இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்று இதை வாதிடுங்கள். மறுநாள் பக்கம் மாறி வாதிடுங்கள்.