சிறிய கார் நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி: டுரியே சகோதரர்களை முன்வைத்து

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் ஒரு பட்டறையில் பிறந்து, சில வண்டிகளைச் செய்து விற்று, சில ஆண்டுகளிலேயே மறைந்த நிறுவனங்கள் ஏராளம். அவற்றின் வரலாற்றை எழுத முனைபவர் ஒரு நெறியை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும்: நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே தேதியுடன் பதிவான ஒரு வரி, பிற்காலத்தில் எவர் சொன்ன நினைவையும்விட, அவர் நிறுவனரே ஆனாலும், மதிப்புடையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கார் செய்த டுரியே சகோதரர்களின் வரலாறு இதற்குச் சிறந்த பாடம்.

யார் எதைச் செய்தார் என்பதைப் பிரித்தறிவதே மிகக் கடினமான வேலை; அதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். அண்ணன் சார்லஸ் சைக்கிள் தொழிலில் இருந்தவர். காருக்கான தொடக்க வடிவமைப்பும் அதற்குப் பணம் போட ஆள் பிடித்ததும் அவருடையவை. ஆனால் அவர் 1892-இல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவுக்குக் குடிபெயர்ந்துவிட, கருவிகள் செய்வதில் தேர்ந்த தம்பி ஃபிராங்க், 70 டாலருக்கு வாங்கிய பழைய குதிரை வண்டியில் ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, சரிவர ஓடாத பகுதிகளை மாற்றி மாற்றிச் செய்து, 1893 செப்டம்பரில் அதைத் தெருவில் ஓட்டிக் காட்டினார். பிற்காலத்தில் சார்லஸ் பெருமை முழுவதையும் தமக்கே கோரினார். பல ஆண்டுகள் நீண்ட அந்தப் பூசல் 1938-இல் அவர் இறந்த பிறகும் ஓயவில்லை. இத்தகைய இடத்தில் இரு தரப்பையும் சமமாகச் சொல்லி ஒதுங்கிவிடக் கூடாது. அக்கால உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் கடிதங்களையும் ஒவ்வொருவரும் அப்போது எந்த ஊரில் இருந்தார் என்பதையும் ஆண்டு வரிசையில் அடுக்கினால், எண்ணம் அண்ணனுடையது, ஓடிய எஞ்சின் தம்பியின் கைவேலை என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

அடுத்து எண்களைச் சோதியுங்கள். 1895 நவம்பர் 28 அன்று பனி மூடிய சிகாகோ சாலையில் ஒரு நாளிதழ் நடத்திய 54 மைல் பந்தயத்தில் ஃபிராங்க் ஓட்டிய வண்டி வென்றது. புறப்பட்ட 6 வண்டிகளில் 2 மட்டுமே முடிவை எட்டின. அவர் எடுத்துக்கொண்டது 10 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதன்படி சராசரி வேகம் மணிக்கு 5 மைல்தான். வழியில் உடைந்த பாகத்தைக் கொல்லன் பட்டறையில் சீர்செய்தது போன்ற நிறுத்தங்களைக் கழித்தால் 7 மைலை நெருங்குகிறது. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் எடுத்தெழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

செய்த வண்டிகளின் எண்ணிக்கையும் அப்படியே. சோதனைக்காகச் செய்தது, ஒரே வடிவமைப்பில் தொடர்ச்சியாகச் செய்தது, விற்பனையானது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். டுரியே மோட்டார் வேகன் கம்பெனி 1896-இல் ஒரே வடிவமைப்பில் 13 வண்டிகளைச் செய்தது. அமெரிக்காவில் தொடர் உற்பத்தியின் தொடக்கம் என்று அந்நிறுவனத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இந்தப் பதின்மூன்றுதான், 1893-இன் ஒற்றை வண்டி அன்று. “உலகின் முதல் கார்” போன்ற பட்டங்களை ஒட்ட வேண்டாம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1886 ஜனவரியிலேயே.

எஞ்சிய வண்டி இருந்தால் போய்ப் பாருங்கள். 1893-இன் வண்டி வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும், 13-இல் எஞ்சிய ஒன்று டியர்போர்னிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலும் உள்ளன. எது மூலப் பாகம், எது பின்னர் மாற்றியது என்று அருங்காட்சியகத்தாரிடம் கேட்டறிந்த பிறகே வடிவமைப்பைப் பற்றி எழுதுங்கள்.

கடைசியாக, நிறுவனம் முடிந்த இடத்தில் வரலாற்றை முடிக்கத் தெரிய வேண்டும். சகோதரர்கள் 1898-இல் பிரிந்த பின், சார்லஸ் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் தம் பெயரிலேயே மூன்று சக்கர, நான்கு சக்கர வண்டிகளைச் செய்தார். ஃபிராங்கின் பங்களிப்பில் ஸ்டீவன்ஸ்-டுரியே கார்கள் வந்தன. பெயர் ஒத்திருப்பதால் மட்டும் இவற்றை ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பிட்டு, தனி ஆண்டுவரிசை தொடங்குங்கள்.