வீட்டுக்குள் போடும் செருப்பு: கால் நோவுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மதியம், எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், குதிகால் வலி என்று வந்த ஓர் அம்மாவிடம் ஒரு செருப்பை நீட்டி, "அமுக்கிப் பாருங்கம்மா, எப்படி மெத்துனு இருக்குதுன்னு" என்றான். அவர் கட்டைவிரலால் அமுக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. காசு எடுக்கப் பையைத் திறந்தபோது நான் குறுக்கே போய்த் தடுத்தேன். பையனுக்கு என் மேல் வருத்தம். 16 வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொல்லி இதே தப்பைச் செய்தவன் நான் என்பதைச் சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் அவனிடம் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஈரோட்டில் கால் பிரச்சினை உள்ளவர்களுக்குச் செருப்பு தைப்பது என் தொழில். வழுக்கும் அடி வேண்டாம், உயரக் குதி வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். வெளியே போக 2000 ரூபாய்க்கு ஷூ வாங்குகிறவர்கள் வீட்டுக்குள் போட 100 ரூபாய் ரப்பர் செருப்பைத் தேடுகிறார்கள். ஆனால் சமையற்கட்டிலும் பொடக்காளி என்கிற வீட்டுப் பின்புறத்திலும் நாள் முழுக்க நிற்கிற ஒரு பெண்ணின் கால் அதிகம் பாடுபடுவது வீட்டுக்குள்தான். சாணி மெழுகிய மண் தரை காலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. டைல்ஸ் துளியும் கொடுக்காது.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை.

விரல் அமுக்குகிற பாரம் எவ்வளவு, 65 கிலோ உடம்பு ஒற்றைக் குதிகாலில் இறங்குகிற பாரம் எவ்வளவு? விரலுக்குப் பஞ்சாக இருப்பது உடம்புக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் நசுங்கிப்போகும். அதுவும் நேராக நசுங்காது. பெரும்பாலானவர்களுக்குப் பாதம் உள்பக்கமாகச் சாயும் பழக்கம் இருக்கும். அந்தப் பக்கம் ஸ்பாஞ்சு சீக்கிரம் படுத்துவிடும். பாதம் இன்னும் உள்ளே சாயும், வளைவு தாழும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் உள்ளங்கால் நார் ஒவ்வொரு அடிக்கும் இழுபடும். காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலிக்கிறதே, அந்த நார்தான் அது. வலிக்காக வாங்கிய செருப்பே வலியை வளர்க்கும்.

என் அம்மாவுக்கும் அந்த வலிதான் இருந்தது. தொழில் பழக ஆரம்பித்த புதிது. நல்லதுதானே செய்கிறோம் என்று இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு ஒட்டி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தேன். "மேகத்து மேல நடக்கற மாதிரி இருக்குது சாமி" என்று அக்கம்பக்கமெல்லாம் காட்டினார். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம், ஆசாரத்திலிருந்து, அதாவது வீட்டுக் கூடத்திலிருந்து, பொடக்காளிக்கு இறங்குகிற ஒரே ஒரு படியில் கால் மடங்கி விழுந்தார். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் தலை வாரிவிடக்கூட அக்கா வர வேண்டியிருந்தது.

அந்தச் செருப்பைக் குதிகால் பக்கம் கத்தியால் குறுக்கே அறுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நான் ஒட்டியபோது 22 மில்லிமீட்டர். இப்போது வெளி ஓரம் 16, உள் ஓரம் 9. ஒரு சரிவான மேட்டில் என் அம்மா மூன்று மாதம் நின்று சமைத்திருக்கிறார். வயதானவர்களுக்குக் கனமான மெத்தை அடி இன்னொரு விதத்திலும் ஆபத்து: தரை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பாதத்துக்குச் சேதி போகாது. தடுமாறுகிறோம் என்பதே தாமதமாகத்தான் தெரியும்.

தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் எத்தனை மெத்தை போட்டாலும் விடியும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். இழுத்துக் கட்டிய கட்டிலில் ஒரு பவானி ஜமக்காளம் போதும். செருப்பும் அப்படித்தான். அடி கெட்டியாக இருக்க வேண்டும். மேலே ஒரு அடுக்கு மட்டும் மெதுவாக இருந்தால் போதும்.

கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு கையாலும் செருப்பைப் பிடித்து ஈரத்துண்டு பிழிகிற மாதிரி முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வைத்துவிடுங்கள். மடக்கிப் பாருங்கள், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கலாம், நடுவில் மடங்கக் கூடாது. அப்புறம் போட்டுக்கொண்டு அஞ்சு நிமிடம் நில்லுங்கள். கூட வந்தவரைப் பின்னால் குனிந்து குதிகாலைப் பார்க்கச் சொல்லுங்கள், நேராக நிற்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று. பெட்டியில் 'ஆர்த்தோ' என்று அச்சடித்திருப்பது இந்த அஞ்சு நிமிடத்துக்கு ஈடாகாது.

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து வந்த ஓர் அம்மணி ஒரே வருடத்தில் மூன்று ஜோடி மெத்தைச் செருப்பு வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் முந்தினதைவிட மெத்தென்று. "எதுவுமே சேரலீங்க, என் கால்தான் கெட்டுப்போச்சு" என்று கண் கலங்கினார். மூன்றுக்கும் கொடுத்த காசில் நல்ல செருப்பு ஒன்று வாங்கியிருக்கலாம் என்பதுகூடப் பெரிதில்லை. தன் காலைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வருடம் நொண்டினாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சர்க்கரைக் காலுக்கு அக்குபிரஷர் முள்ளுச் செருப்பு

கூடாது. யார் பரிசாகக் கொடுத்தாலும் கூடாது.

நாமக்கல் பக்கத்து அப்புச்சி ஒருவர், 20 வருடச் சர்க்கரை. பொருட்காட்சியில் மகன் வாங்கித் தந்த முள்ளுச் செருப்பை ஆசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். "குத்துதுங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரீலீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்தப் பதில்தான் பயம். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்தது. பெருவிரல் அடியில் தடித்த தோலுக்குள் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அடியில் புண் இருக்கும் என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், இருந்தது.

டாக்டர்கள் 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது உறைக்காத காலுக்கு வலி என்ற காவல்காரன் இல்லை. அந்தக் காலில் பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும். முள்ளு நேர் எதிரான வேலை செய்கிறது. இந்தக் கால்களுக்கு எம்.சி.ஆர் ரப்பரை மேல் அடுக்காக வைப்போம். உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். அமுங்கினாலும் மீண்டு எழும். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் தொழுநோயால் மரத்த கால்களுக்காகப் புழக்கத்துக்கு வந்த முறை. ஆனால் எம்.சி.ஆர் என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. அதற்குக் கீழே முள் ஏறாத, கெட்டியான அடி ஒட்டியிருக்க வேண்டும்.

பின்வார் இல்லாத செருப்பு

விரலிடுக்கில் மாட்டும் ஹவாய், கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல்களைச் சுருட்ட வைக்கும். விரல் வளைந்தவர்களுக்கும் கால் மரத்தவர்களுக்கும் அது ஆகாது. மரத்துப்போனவருக்குச் செருப்பு கழன்று வாசலிலேயே கிடப்பதுகூடத் தெரியாது. பின்னால் வாரும் மேலே ஒட்டுப்பட்டையும் இருக்கட்டும். வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்திக்கொள்ளலாம்.

"பிடிச்ச மாதிரி இருக்குது" என்பதை நம்புவது

மரத்த காலுக்கு இறுக்கமான செருப்புதான் போட்ட மாதிரியே இருக்கும். சரியான அளவு லூசாகத் தோன்றும். அதனால் காலின் பேச்சைக் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், தாள் மேல் நின்று பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் சுற்றி வரையுங்கள். வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருப்புக்குள் வையுங்கள். ஓரம் மடங்கினால் வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருக்கட்டும்.

மெட்டியை மறப்பது

பட்டை மெட்டியின் மேல் அமர்ந்தால் இரண்டாம் விரல் புண்ணாகும். அளவு பார்க்கும்போது மெட்டியோடு பாருங்கள்.

பழைய வெளிச்செருப்பைக் கழுவி உள்ளே போடுவது

தேய்ந்தது கழுவினால் நிமிராது.

பூஜையறைக்காகக் கழற்றி, அப்படியே விட்டுவிடுவது

வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வாசலைத் தாண்டாத ஜோடி என்று சொல்லுங்கள், வாரம் ஒருமுறை கழுவிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்கள். சாமி கும்பிடும்போது கழற்றுவது சரி. திரும்பப் போட மறந்து மத்தியானம் வரை நடப்பதுதான் தப்பு. இரவில் கட்டிலை ஒட்டியே வையுங்கள். முதல் அடியே அதன் மேல் படட்டும்.

கையை விடாமல் காலை விடுவது

சென்னிமலைக்காரர் ஒருவர், தறியில் உட்கார்ந்தே வயதானவர், செருப்பை மாற்றித் தைக்க வந்தார். கழற்றி வாங்கி உள்ளே கை விட்டேன். ஏதோ உறுத்தியது. பாதி உடைந்த புளியங்கொட்டை, உடைந்த முனை மேலே பார்க்க ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வீட்டில் புளி தட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்து, பஸ் ஏறி, இறங்கி வந்திருக்கிறார். உள்ளங்காலில் சிவந்த குழி. நல்ல வேளை, தோல் கிழியவில்லை. இப்போது தினமும் காலையில் அவர் பேத்தி இரண்டு செருப்புக்குள்ளும் கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "போட்டுக்குங்க தாத்தா" என்று எடுத்து வைக்கிறாளாம்.