தூக்க மாத்திரை போட்டவரின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

முட்டி வலிக்குக் கும்பகோணத்தில் ஒரு டாக்டர் டிரமடால் எழுத, தூக்கம் வரவில்லை என்று மன்னார்குடியில் இன்னொருவரிடம் அல்பிரசோலம் வாங்கி, இரண்டையும் ஒரே ராத்திரி போடுவதுதான் ஆபத்து. மது சேர்ந்தால் இன்னும் மோசம்.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது மூளைத்தண்டிலுள்ள முகுளம்தான் மூச்சை வேகப்படுத்தும், நாம் தூங்கினாலும் அது தூங்காது. டிரமடால், மார்பின் வகை மருந்துகள் அந்த உந்துதலையே மழுங்கடிக்கும். தூக்க மாத்திரை அந்த மழுக்கத்தை இன்னும் கூட்டுவதோடு தொண்டைத் தசையையும் தளர்த்திவிடும்.

அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 10-க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ, தட்டியும் முழிக்காவிட்டாலோ உடனே 108. புதுசாகக் கொறகொறவென்று குறட்டை வந்தால் அசந்து தூங்குகிறார் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அது தொண்டை அடைபடும் சத்தமாக இருக்கலாம்.

வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காபி, மோர் எதுவும் ஊற்ற வேண்டாம், புரையேறும். மூச்சு நின்றால் 108-இல் சொல்கிறபடி நெஞ்சை அழுத்துங்கள். மாத்திரை அட்டைகளை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

அப்புறம், தினமும் அல்பிரசோலம் போடுபவர் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.