லித்துவேனிய மொழியோட பழைய இலக்கண நூல்கள எங்கேர்ந்து, எப்படிப் படிக்கிறது

நேரா 1653-க்குப் போயிடுங்க. டேனியல் க்ளைன் லத்தீன்ல எழுதின 'கிராமட்டிக்கா லிட்வானிக்கா' அந்த வருஷம்தான் கோனிக்ஸ்பெர்க்ல அச்சாச்சு, அச்சுல வந்த முதல் லித்துவேனிய இலக்கணம் அதுதான். இப்ப மேப்ல தேடுறவங்க கலினின்கிராட்னு போட்டுப் பாருங்க.

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ்ல வராம, கோனிக்ஸ்பெர்க் இருந்த பிரஷ்யால ஏன் வந்துச்சுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. அங்க லுத்தரன் சபை, ஜனங்க பேசுற மொழியிலயே பிரசங்கம் பண்ணணும், ஆனா போதகர்கள்ல நிறைய பேர் ஜெர்மன் பேசுறவங்க. 1547-ல லித்துவேனியன்ல அச்சான முதல் புக்கு, மாஷ்விதாஸோட ஞானோபதேசப் புத்தகம், வந்ததுலேர்ந்து நூறு வருஷமா புக்கு வருது, ஸ்பெல்லிங் மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி. க்ளைன் தில்சித் ஊர் போதகர், அந்தக் குழப்பத்துக்கு நடுவுல உக்காந்து எழுதினவர், அடுத்த வருஷமே ஜெர்மன்ல ஒரு சுருக்கமும் போட்டுட்டார். லித்துவேனியன்ல இன்னிக்கும் இருக்கே, மேல ஒத்தப் புள்ளி வெச்ச 'எ', அத எழுத்துக்குள்ள கொண்டு வந்ததும் அவர்தான், எனக்கு இதுவே பெரிய சாதனையாத் தோணுது.

'முதல்'ங்கற வார்த்தைய மட்டும் கவனமா யூஸ் பண்ணுங்க. சப்பூனாஸ்ங்கறவர் க்ளைனுக்கு முன்னாடியே ஒரு இலக்கணம் எழுதிட்டார், ஆனா அது ஷுல்ட்ஸ்ங்கறவர் கைல போய் 1673-லதான் அச்சேறுச்சு. வில்னியஸ்ல இருந்த ஜெசூட் (கத்தோலிக்கத் துறவி) சிர்விதாஸும் ஒண்ணு எழுதினதா சொல்றாங்க, பிரதி எதுவும் மிஞ்சல, அதனால தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. அந்தப் பக்கம் கிடைக்கிறது 1737-ல வில்னியஸ்ல பேர் போடாம வந்த இலக்கணம்.

படிக்கும்போது முன்னுரைய தாண்டிப் போகாதீங்க, யாருக்காக எழுதினாங்கன்னு அங்கதான் தெரியும். அப்புறம் வேற்றுமை அட்டவணை. இவங்க கைல மாதிரியா இருந்தது லத்தீன் இலக்கணம், ஆனா லத்தீன்ல கருவிக்குன்னு தனி வேற்றுமை கிடையாது, லித்துவேனியன்ல இருக்கு: 'பெய்லிஸ்'னா கத்தி, 'பெய்லியு'ன்னா கத்தியால. இந்த மாதிரி உருபு எந்தக் கட்டத்துல உக்காந்திருக்குன்னு ஒவ்வொரு புக்குலயும் பாருங்க, எழுதினவர் லத்தீனுக்கு எவ்ளோ விட்டுக்கொடுத்தார்னு அங்கயே தெரிஞ்சிரும்.

1700கள்ல ரூயிக், ஓஸ்டர்மையர் எழுதின இலக்கணங்கள் எல்லாம் வருது, முதல் ரவுண்டுல மேலோட்டமா புரட்டினா போதும். அங்கேர்ந்து நேரா 1856, ஜெர்மன் மொழியியலாளர் ஷ்லைஷரோட இலக்கணம். 1852-ல பிரஷ்யால லித்துவேனியன் பேசுற பகுதியான பிரஷ்ய லித்துவேனியாவுக்கே போய் ஜனங்க பேசுறதக் கேட்டுட்டு வந்து எழுதினவர். அவரையும் க்ளைனையும் பக்கத்துல பக்கத்துல தெறந்து வெச்சு, ஒரே வகைப் பெயர்ச்சொல்லோட அட்டவணைய வரிவரியா ஒப்பிட்டுப் பாருங்க.