பிக்சல் விளக்குப் பெட்டியில் மைனஸை ஒன்றாகச் சேருங்கள்
கார்த்திகை தீபத்துக்கோ கிறிஸ்துமசுக்கோ வீட்டு முகப்பில் பிக்சல் விளக்கு (ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக நிறம் மாறும் எல்இடி சரம்) கட்டப்போகும் கிருஷ்ணகிரிக்காரர்களே, விளக்குகளுக்கு டேட்டா அனுப்பி இயக்கும் கன்ட்ரோலருக்குத் தனி அடாப்டர், விளக்குக்குத் தனி பவர் சப்ளை என்று வைத்தால் இரண்டின் மைனஸையும் கட்டாயம் ஒன்றாக இணையுங்கள், இல்லாவிட்டால் டேட்டா சரியாகப் போகாமல் விளக்குகள் கண்டபடி மினுக்கும். ஆனால் பிளஸ் இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், 100 பிக்சலுக்கு 6 ஆம்பியர் ஆகிவிடும், அதனால் மெல்லிய ஒயர் வேண்டாம், ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள். எர்த் ஒயரை இணைக்காமல் விடவே கூடாது. அப்புறம் இது மழைக்காலம், ஒயர் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழையட்டும், நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து வந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.