காபி மேசையில் இரண்டாவது டாக்டர்: சுவீடிஷிலிருந்து தமிழாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவீடிஷ் கற்றுக்கொண்டு, ஆங்கிலத்தின் கையைப் பிடிக்காமல் நேரடியாகத் தமிழாக்க முன்வரும் இளைஞர்கள் சிலர் தங்கள் முதல் வரைவுகளை எனக்கு அனுப்புகிறார்கள். ஆவலோடு பிரிக்கிறேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மனம் கனத்துவிடுகிறது. அங்கே இருப்பவை என் பழைய தவறுகள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சறுக்கிய அதே படியில் இவர்களும் கால் வைக்கிறார்கள்.

எழுத்துப்பிழை, வேற்றுமை உருபு, அகராதியில் தவறான பொருளை எடுத்துக்கொள்வது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணில் படாத தவறுகள் வேறு. தமிழ் வாக்கியம் குறையின்றி இருக்கும். அதற்குள் இருக்கும் சுவீடன் மட்டும் பொய்யாக இருக்கும்.

அப்பத்தாவைத் தொலைப்பது

சுவீடிஷில் அப்பாவின் அம்மா ‘ஃபார்மூர்’, அம்மாவின் அம்மா ‘மூர்மூர்’. அம்மாவின் சகோதரர் ‘மூர்ப்ரூர்’, அப்பாவின் சகோதரர் ‘ஃபார்ப்ரூர்’. அப்பாவின் சகோதரி ‘ஃபாஸ்தெர்’, அம்மாவின் சகோதரி ‘மூஸ்தெர்’. நம்மைப் போலவே அவர்களும் தந்தை வழி, தாய் வழி என்று பிரித்துத்தான் உறவைச் சொல்கிறார்கள். அப்பத்தா, அம்மாச்சி, தாய்மாமன், அத்தை எல்லாமே நம் கையில் தயாராக இருக்கின்றன. ஆனாலும் வரைவுகளில் வருவது ‘பாட்டி’, ‘மாமா’, ‘அத்தை’ மட்டும். சந்தேகம் தீர ஆங்கில மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

பண்ணை யாருக்குப் போகிறது என்பதே கதையாக இருக்கும் ஒரு நாவலில், ‘மூஸ்தெர்’ முழுவதும் அத்தையாகிவிட்டதை அண்மையில் பார்த்தேன். தாய்வழிச் சொத்துக்கு அப்பாவின் சகோதரி எப்படி உரிமை கோருகிறாள் என்று படிப்பவர் குழம்பியே தீர வேண்டும்.

ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு. ‘ஃபார்ப்ரூர்’ பெரியப்பாவா சித்தப்பாவா என்று சுவீடிஷ் சொல்லாது. வயதைத் தேடுங்கள். யார் முதலில் பள்ளிக்குப் போனார், யாருடைய பழைய கோட்டை யார் போட்டுக்கொண்டார் என்பதில் விடை இருக்கும். முதல் பக்கத்தில் சித்தப்பாவாக இருந்தவர் இருநூறாம் பக்கத்தில் பெரியப்பாவாகிவிடக் கூடாது.

‘மில்’ என்பது மைல் அல்ல

ஒரு ‘மில்’ பத்து கிலோமீட்டர். 1889 முதல் இதுதான் கணக்கு. அதற்கு முந்தைய பழைய ‘மில்’ இன்னும் சற்று நீளம், ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர். சாலைப் பலகைகளில் கிலோமீட்டர் இருந்தாலும், பேச்சில் தூரத்தைச் சுவீடன்காரர்கள் இன்றும் ‘மில்’லில்தான் சொல்கிறார்கள். பழைய கார் விளம்பரத்தில் ‘15,000 மில்’ என்றிருந்தால் அந்தக் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

1922 முதல் மார்ச் மாதத்தில் நடக்கும் வாசாலோப்பெத் பனிச்சறுக்கு ஓட்டத்தை அங்கே யாரும் ‘ஒன்பது மில்’ என்றுதான் சொல்வார்கள். சேலன் பக்கத்திலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர். ‘ஒன்பது மைல்’ என்று எழுதினால் பதினான்கரை கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். விடியற்காலையில் புறப்பட்டு இருட்டிய பிறகு வந்து சேர்ந்த மனிதன் வழியில் உறங்கிவிட்டான் என்றுதான் படிப்பவர் எண்ணுவார்.

‘டூ’வும் ‘நீ’யும்

இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எந்த வரைவிலாவது இதைக் கண்டால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்.

சுவீடிஷில் முன்னிலைச் சொற்கள் இரண்டு. ‘டூ’ ஒருமை, ‘நீ’ பன்மை. ஆம், ஒலியில் அது நம்முடைய ‘நீ’யேதான். அது பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது என்று பாடநூல் சொல்லும். உடனே ‘டூ’ வந்தால் நீ, ‘நீ’ வந்தால் நீங்கள் என்று கற்பவர் ஒரு சூத்திரம் போட்டுக்கொள்கிறார். பிரெஞ்சுக்கு ஓரளவு பொருந்தும் இந்தச் சூத்திரம் சுவீடனுக்கு எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை.

ஐம்பது, அறுபதுகள் வரை, நெருக்கமில்லாத ஒருவரை அங்கே எந்த முன்னிலைச் சொல்லாலும் அழைக்க மாட்டார்கள். பட்டத்தைச் சொல்லிப் படர்க்கையில் பேச வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடமே ‘டாக்டர் காபி குடிக்கிறாரா?’ என்றுதான் கேட்பார்கள். கணவரின் பட்டத்தில் பெண்பால் விகுதி சேர்த்து மனைவிக்கும் ஒரு பட்டம் உண்டு: டாக்டரின் மனைவிக்கு ஒன்று, பேராசிரியரின் மனைவிக்கு ஒன்று, கர்னலின் மனைவிக்கு ஒன்று. எதிரே இருப்பவரின் பட்டம் தெரியவில்லையென்றால் ஆளையே குறிப்பிடாமல் ‘இன்னும் கொஞ்சம் காபி இருக்கலாமா?’ என்பதுபோல வாக்கியத்தை வளைத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கும் இதே முறைதான். அறிமுகமில்லாத பெரியவரிடம் ‘ஃபார்ப்ரூருக்கு உதவி வேண்டுமா?’ என்பார்கள், நம் பிள்ளைகள் யாரையும் ‘மாமா’ என்பதைப் போல.

அப்படியானால் அந்த ‘நீ’ யாருக்கு? பட்டம் ஏதும் இல்லாத, தனக்குக் கீழே இருப்பதாக நினைக்கப்பட்ட மனிதருக்கு. பட்டம் உள்ள ஒருவரை அப்படி அழைத்தால் அவமதிப்பு. பட்டம் இல்லாதவரை அழைத்தால், ‘உனக்கு ஒரு பட்டமும் இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது. அகராதியில் அது ‘நீங்கள்’. கேட்பவர் காதில் அது ஏறத்தாழ நம்முடைய ‘நீ’.

இது தெரியாமல்தான் என் முதல் நீண்ட மொழிபெயர்ப்பில் இறங்கினேன். மேற்குச் சுவீடனில் ஒரு சிற்றூர் டாக்டர் குடும்பத்தின் முப்பதுகளைப் பற்றிய நினைவுக் குறிப்புகள். முதல் நாற்பது பக்கங்களைச் சொல்லுக்குச் சொல் செய்தேன். ‘டாக்டர் இன்னும் ஒரு கோப்பை காபி குடிக்க விரும்புகிறாரா?’ என்று பணிப்பெண் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் என் முதல் வாசகர். பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இந்த இரண்டாவது டாக்டர் யார்? எப்போது உள்ளே வந்தார்?’

பயந்துபோய் மறுகோடிக்கு ஓடினேன். எல்லாரையும் எல்லாரிடமும் ‘நீங்கள்’ என்று பேச வைத்தேன். அங்கங்கே வந்த சுவீடிஷ் ‘நீ’க்கும் ‘நீங்கள்’தான். வழுக்கிக்கொண்டு போனது நடை. பதிப்பாளருக்கும் பிடித்திருந்தது. அச்சாகிவிட்டது.

அந்த நூலின் நடுவில் ஒரு காட்சி. இறந்துபோன கடைக்காரரின் விதவை ஒரு விஷயம் கேட்க டாக்டர் வீட்டுக்கு வருகிறாள். கணவர் இருந்தவரை அவளுக்கும் ஒரு பட்டம் இருந்தது. டாக்டரின் மனைவி அதைச் சொல்லித்தான் அழைப்பாள். அன்றைக்கு ‘நீ’ என்கிறாள். விதவை கையுறைகளை மெல்லப் போட்டுக்கொண்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து போகிறாள். அதன்பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. என் தமிழில் டாக்டரின் மனைவி ‘நீங்கள் உட்காருங்கள்’ என்றாள்; விதவை எழுந்து போய்விட்டாள். அவள் ஏன் போனாள் என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன எந்தப் பதிலும் அச்சில் இருந்ததைச் சரிசெய்யவில்லை. இரண்டாம் பதிப்புக்காக முந்நூறு பக்கங்களிலும் ஒவ்வொரு உரையாடலையும் புதிதாக எழுதினேன். எட்டு மாதம், சம்பளம் இல்லாமல்.

எரிச்சல் இன்னும் தீராததற்குக் காரணம், விடை முழுக்க முழுக்கத் தமிழிலேயே இருந்தது. ‘ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றட்டுமா?’, ‘அம்மாவுக்கு என்ன வேண்டும்?’ என்று எதிரே இருப்பவரைப் படர்க்கையில் வைத்து நாம் தினமும் பேசுகிறோம். பணிப்பெண்ணின் வாக்கியத்தை அந்த அச்சில் வார்த்தால் இரண்டாவது டாக்டர் மறைந்துவிடுகிறார். விதவையிடம் டாக்டரின் மனைவி சொல்ல வேண்டியது ‘நீ உட்கார்’. சுவீடிஷ் சொல்லின் ஒலிகூட மாறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டம் சொல்லிப் பேசிய இருவர் ‘டூ’வுக்கு மாறுவது ஒரு சடங்கு. வயதில் அல்லது பதவியில் மூத்தவர்தான் முன்மொழிய வேண்டும். இளையவர் வாயெடுக்கக் கூடாது. கோப்பையை உயர்த்தி, ‘பட்டங்களை எடுத்து வைத்துவிடுவோம்’ என்பார். ஒரு மிடறு குடித்த பிறகு இருவரும் ‘டூ’. பத்து ஆண்டு அண்டை வீட்டுக்காரர்கள் அந்த ஒரு மாலையில் நண்பர்களாகிவிடுவார்கள். அதுவரை ‘போஸ்ட்மாஸ்டருக்கு’ என்று எழுதி வந்தவர்தான் அந்த இடத்தில் ‘நீ’ என்று எழுத முடியும். முன்பே ‘நீ’யைச் செலவழித்துவிட்டவரிடம் அந்தக் காட்சிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிறகு எல்லாம் கவிழ்ந்தது. 1967-இல் மருத்துவ வாரியத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செத், ஊழியர்கள் அனைவரையும் ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அவர் தொடங்கி வைத்தது என்று சொல்ல முடியாது. வேறு பணியிடங்களில் அது முன்பே பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் பட்டங்கள் உதிர்ந்துபோயின. இன்று மாணவன் ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைக்கிறான், நோயாளி மருத்துவரை அழைக்கிறார். மன்னர் மட்டும் விலக்கு. அவரிடம் இன்றும் படர்க்கைதான்.

ஆகவே ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது கதை நடக்கும் ஆண்டை.

இன்றைய சுவீடனின் ‘டூ’வைத் தமிழில் என்ன செய்வது? எல்லா இடத்திலும் ‘நீ’ போடுங்கள், சமத்துவம் தெரியட்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். செவிலியர் தலைமை மருத்துவரை ‘நீ’ என்றால் தமிழ் வாசகர் காதில் அது சண்டை. அங்கே சண்டையே இல்லை. நான் ‘நீங்கள்’ எழுதி, வெறும் பெயரை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன்: ‘லார்ஸ், நீங்கள் இதைப் பாருங்கள்.’ ‘சார்’, ‘மேடம்’ இரண்டையும் முற்றாக நீக்கிவிடுகிறேன். அந்த இரண்டு சொற்கள் இல்லாத மருத்துவமனையே தமிழ் வாசகருக்குப் போதுமான வியப்பு. கணவனும் மனைவியும் பேசும்போது இருபுறமும் ‘நீ’. மனைவியின் வாயில் மட்டும் ‘நீங்கள்’ வைத்துவிடும் பழக்கம் பல வரைவுகளில் தானாகவே நுழைந்துவிடுகிறது. தேடிப் பிடித்து எடுங்கள்.

இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய கதையைப் படிப்பது

1809 வரை பின்லாந்து சுவீடனின் ஒரு பகுதி. 1750-இல் அங்குள்ள ஓபூ (இன்றைய துர்க்கு) நகரில் பிறந்தவர் வெளிநாட்டவர் அல்லர். தெற்கே ஸ்கோனே மாகாணம் 1658-க்கு முன் டென்மார்க்கினுடையது.

தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்குவது

பழைய கிராமங்களில் ஆந்தெர்ஸின் மகன் கார்ல் என்றால் கார்ல் ஆந்தெர்ஸோன். அந்தக் கார்லின் மகள் கார்ல்ஸ்தோத்தெர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும், நம் தலைப்பெழுத்தைப் போல. அங்கே ‘ஆந்தெர்ஸோன் குடும்பத்தினர்’ என்று எழுதாதீர்கள்.

சாமி மக்கள்

வடக்கே வாழும் பழங்குடியினரான சாமி மக்களை இழிவாகச் சொல்லும் பழைய சொல்லான ‘லாப்’பைக் கதைமாந்தர் வாயில் மட்டும் விடுங்கள். உங்கள் வாக்கியத்தில் ‘சாமி’.

வைக்கிங்

மூலத்தில் இல்லையென்றால் அட்டையிலும் வேண்டாம்.

ஜூன் மாதத்து இரவை இருட்டாக்குவது

ஜூன் இறுதியில் ஸ்டாக்ஹோமில் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும். நான்கு மணிக்கு முன்பே திரும்ப எழுந்துவிடும். வடக்கே கிரூனாவில் மறைவதே இல்லை. அண்மையில் வந்த ஒரு வரைவில், ஒரு முதியவர் ‘இரவு பத்து மணிக்குத் திண்ணையில் விளக்கைப் பொருத்திவைத்துச் செய்தித்தாள் வாசித்தார்’ என்றிருந்தது. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். விளக்கு இல்லை. மொழிபெயர்த்த தம்பியிடம் கேட்டேன். ‘பத்து மணிக்கு எப்படி ஐயா எழுத்து தெரியும்?’ என்றார். அந்த விளக்கை அணைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அடுத்த பத்தியில் அவர் சேர்த்திருந்த நிலாவையும்தான்.